பாக்கெட் பிரிக்காமல் தொடங்குங்கள்

அக்கா மகனுக்குப் பத்து வயது. அவனிடம் ஒரு டப்பா நிறைய போக்கிமான் கார்டு இருக்கிறது. அத்தனையும் தங்க நிற பிளாஸ்டிக். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பொம்மைக் கடையில் வாங்கித் தந்தது. இரண்டு வருடமாக அதை அடுக்குகிறான், எண்ணுகிறான், ஸ்கூல் வேனில் காட்டுகிறான், ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிறான். போன கோடை லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது டப்பாவைத் தரையில் கவிழ்த்துவிட்டு, "மாமா, இதை வச்சு எப்படி விளையாடுறது?" என்று கேட்டான்.

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் பெரிய பெரிய மிருகங்கள். அவற்றைத் தாக்கவைக்கத் தேவையான எனர்ஜி கார்டு ஒன்றுகூட இல்லை. டிரெய்னர் கார்டும் இல்லை. ஐம்பத்துச் சொச்சம் கார்டில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாது. "அசல் பாக்கெட்டா பத்து வாங்கிக் குடு, தானா வந்துரும்" என்றான் உடன் இருந்த என் நண்பன். அவன் கல்லூரி நாளிலிருந்து கார்டு சேர்ப்பவன். அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாக்கெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சீட்டுன்னா சீட்டுதான். இன்னைக்குப் படம் பார்த்து வாங்குவான், நாளைக்கு ரம்மிக்குப் போவான்" என்றார்.

இருவரும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரிகிறது. ஆனால் இருவர் சொல்வதற்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. உள்ளே என்ன கார்டு என்று தெரியாத பாக்கெட்டை வாங்குவதுதான் இந்த விளையாட்டு. நிறைய வாங்குகிறவன் ஜெயிப்பான், வாங்க முடியாதவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நண்பனுக்கு அது இனிக்கிறது, அத்தானுக்குக் கசக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த நம்பிக்கை தவறு என்பதே என் கட்சி. இதனால் ஒரு பக்கம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். மறுபக்கம், கடந்த முப்பது ஆண்டுகளில் உருவான மிக நல்ல விளையாட்டுகளில் ஒன்று நம் வீடுகளுக்குள் வராமலே போகிறது.

இந்த வகை விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெளிவாகும். 1993இல் அமெரிக்காவில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சின்ன நிறுவனம் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு, அப்போது கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அவர் முதலில் கொண்டுபோனது வேறொரு பலகை விளையாட்டு. அதை அச்சடிக்க அந்த நிறுவனத்துக்குக் கையில் காசு இல்லை. கையில் எடுத்துப்போகிற மாதிரி, கூட்டங்களில் இடைவேளையில் ஆடுகிற மாதிரி ஒன்று கேட்டார்கள். அவர் கார்டோடு வந்தார்.

முதல் அச்சில் 295 வகைக் கார்டுகள். ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டி வாங்குவார்கள், தெருவில் நாலு பேர் வைத்திருப்பதைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள் என்றுதான் கார்ஃபீல்டு நினைத்தார். 'பிளாக் லோட்டஸ்' போன்ற அதிபலக் கார்டு ஊருக்கு ஒருவரிடம் இருக்கும், அதைப் பார்ப்பதே அபூர்வம் என்பது அவர் கணக்கு. அந்த நம்பிக்கையில் முதல் விதிப்புத்தகத்தில் ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விட்டிருந்தார். ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள், கணக்கு உடைந்தது. பிறகுதான் ஒரு டெக்கில், அதாவது ஒருவர் ஆட எடுத்துவரும் கார்டுக் கட்டில், ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது, டெக்கில் குறைந்தது 60 கார்டு என்ற விதிகள் நிலைத்தன. பணம் கொட்டுகிறவனின் கையைக் கட்டுவதற்காக வந்த விதிகள் இவை. அப்படியிருக்க, பணம் கொட்டுவதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"ரேர் கார்டு வச்சிருக்கிறவன்தான் ஜெயிப்பான்" என்பது அடுத்த வாதம். இதற்கு என் அக்கா மகனுக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுக்கிறேன்: சாரிசார்ட். போக்கிமான் கார்டு 1996இல் ஜப்பானில் வந்தது, 1999இல் ஆங்கிலத்தில். அந்த முதல் தொகுப்பில் உலகமே ஆசைப்பட்ட கார்டு சாரிசார்ட். உயிர்ப்புள்ளி 120, ஒரே அடி 100. மின்னுகிற படம். இன்றைக்கும் அதைக் கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள்.

அதை மேஜையில் இறக்கிப் பார்ப்போம். நேராக இறக்க முடியாது. முதலில் 50 உயிர்ப்புள்ளியுள்ள சார்மாண்டர். ஒரு சுற்று காத்திருந்து அதை சார்மிலியான் ஆக்க வேண்டும், இன்னொரு சுற்று காத்திருந்து சாரிசார்ட். அந்த 100 புள்ளி அடிக்கு நான்கு எனர்ஜி தேவை. ஒரு சுற்றுக்கு ஒரு எனர்ஜிதான் வைக்கலாம். அடித்ததும் இரண்டு எனர்ஜியைத் தூக்கிப்போட வேண்டும், மறுபடி அடிக்க மறுபடி சேர்க்க வேண்டும். எதிரே ஹிட்மோன்சான். வளர்க்க வேண்டியதில்லை, வந்த உடனே நிற்கும். ஒரே ஒரு எனர்ஜிக்கு 20 புள்ளி குத்து. முன்னால் நிற்கும் சார்மாண்டர் மூன்று குத்தில் காலி. கூடவே 'எனர்ஜி ரிமூவல்' என்ற சாதாரணக் கார்டு, பாக்கெட்டுக்குப் பாக்கெட் கிடைப்பது. சாரிசார்ட்காரன் ஒவ்வொன்றாகச் சேர்த்த எனர்ஜியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துப் போட்டிகளில் ஆதிக்கம் செலுத்தியது ஹிட்மோன்சான், எலக்டபஸ் போன்ற அவசரக்காரர்களை வைத்த டெக். 'ஹேமேக்கர்' என்று பெயர். ஹிட்மோன்சானும் ரேர் கார்டுதான், மறைக்கவில்லை. ஆனால் சாரிசார்ட் விலைக்குப் பக்கத்தில்கூட அது வராது.

இன்னொன்று. போக்கிமான் டெக்கில் 60 கார்டு என்றால் பாதி அளவுக்கு டிரெய்னர் கார்டுகள் இருக்கும். புதுக் கார்டு எடுக்கவும், தேவையானதைத் தேடிக் கையில் சேர்க்கவும் உதவுகிறவை. மிருகப் படம் இல்லாததால் பிள்ளைகளுக்கு அவை பிடிப்பதில்லை. பாக்கெட்டைக் கிழிக்கும் சிறுவர்களைப் பாருங்கள். மின்னும் டிராகனை எடுத்து உறைக்குள் பத்திரப்படுத்துவார்கள். 'புரொஃபசர்ஸ் ரிசர்ச்' கார்டை, கையிலுள்ளதைப் போட்டுவிட்டு ஏழு புதுக் கார்டு தருகிற அந்த அருமையான கார்டை, கிழிந்த ஜரிகைத் தாளோடு சேர்த்து விட்டுவிட்டுப் போவார்கள். பாக்கெட் பிரிக்கக் கற்ற பிள்ளைக்கு விளையாட்டின் முதுகெலும்பு கண்ணில் படுவதே இல்லை.

மேஜிக்கிலும் இதே கதைதான். 1996இல் அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டி ஒன்றில் பால் ஸ்லை என்பவர் ஒரு சிவப்பு டெக்கோடு வந்து முன்னணி இடம் பிடித்தார். நண்பர் ஜே ஷ்னைடர் அமைத்துக் கொடுத்த டெக் அது. அதில் 'அயர்ன்கிளா ஆர்க்ஸ்' இருந்தது. இரண்டு பலமோ அதற்கு மேலோ உள்ள எதையும் தடுத்து நிற்க மாட்டேன் என்று தன் மேலேயே எழுதி வைத்திருக்கும் கோழைக் கார்டு. யாரும் சீந்தாதது. ஆனால் கார்டை இறக்கச் செலவாகும் சக்திக்கு மேஜிக்கில் மானா என்று பெயர்; முதல் சுற்றில் ஒரு மானா, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று கிடைத்ததை ஒரு சொட்டு வீணாக்காமல் செலவழிக்கும்படி அந்த டெக் அடுக்கப்பட்டிருந்தது. பலமான கார்டு வைத்திருந்தவர்கள் அதை இறக்க வழியில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு தோற்றார்கள். இன்று எந்த மேஜிக் ஆட்டக்காரரும் டெக் கட்டும்போது முதலில் பார்ப்பது இந்தச் செலவு வரிசையைத்தான்.

விலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவைக் காட்ட எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி, போக்கிமான் கார்டுகளிலேயே விலையால் புகழ்பெற்ற 'பிக்காச்சு இல்லஸ்ட்ரேட்டர்'. தொண்ணூறுகளின் இறுதியில் ஜப்பானில் ஒரு குழந்தைகள் இதழின் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. 2021இல் யூடியூபர் லோகன் பால் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒன்றை வாங்கினார். மறு வருடம் ரெஸில்மேனியா மல்யுத்த நிகழ்ச்சிக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த உலகத்தைக் கேள்விப்பட்டதே இந்தச் செய்தியால்தான். அந்தக் கார்டில் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் ஓவியம் சிறப்பாக இருந்தது என்ற பாராட்டு. தாக்குதல் இல்லை, சக்தி இல்லை. ஆட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. 2022இல் மேஜிக்கின் 30ஆம் ஆண்டுக்கு அதன் நிறுவனமே நாலு பாக்கெட்டை, மொத்தம் 60 கார்டை, 999 டாலருக்கு விற்றது. அந்தக் கார்டுகள் போட்டிகளில் செல்லாது என்று நிறுவனமே அறிவித்தது. தபால்தலை, பழைய நாணயம் மாதிரி இது ஒரு சந்தை. சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். அந்தச் சந்தையின் செய்தியைக் கேட்டுவிட்டு "இது பணக்காரன் விளையாட்டு" என்று முடிவு கட்டுவது, சச்சின் மட்டை ஏலத்தில் போன விலையைக் கேட்டுவிட்டு மகனைத் தெருவில் கிரிக்கெட் ஆட விடாமல் தடுப்பது போலத்தான்.

இப்போது அத்தானிடம் வருகிறேன். அவருடைய பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. 2003இல் லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது. சுரண்டல் சீட்டைச் சுரண்டிச் சுரண்டியே கூலியைத் தொலைத்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆன்லைன் ரம்மியில் கடனாளியாகி உயிரைவிட்டவர்கள் பற்றிய செய்திகளுக்குப் பிறகு 2022இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தகப்பனுக்கு வயிறு கலங்கினால் அது நியாயம்.

சொல்லப்போனால் பாக்கெட் விஷயத்தில் அவர் சொல்வது முழுக்க சரி. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துக் கிழித்துப் பார்ப்பது லாட்டரிக்கு உறவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொகுப்பில் 60 ரேர் கார்டு, பாக்கெட்டுக்கு ஒரு ரேர் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டிய ஒன்று சராசரியாக 60 பாக்கெட்டுக்கு ஒரு தடவை வரும். டெக்கில் அதை நான்கு வைக்க ஆசைப்பட்டால் 240 பாக்கெட். இந்தக் கணக்கை என் நண்பன் ஒருநாளும் போட்டதில்லை. "பத்து பாக்கெட் வாங்கு, தானா வந்துரும்" என்று பத்து வயதுப் பையனுக்குச் சொல்வதை நான் பொறுப்பற்ற பேச்சு என்றே சொல்வேன்.

ஆனால் அத்தானுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சூது இருப்பது வாங்குகிற இடத்தில். ஆடுகிற இடத்தில் இல்லை. ஆட்டத்தில் காசு கிடையாது, பந்தயம் கிடையாது. 1993 விதிகளில் பந்தயம் இருந்தது உண்மை. ஆளுக்கொரு கார்டைப் பணயம் வைத்து ஆடி, ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆடியவர்களே அதை வெறுத்தார்கள். 1995க்குப் பிறகு பந்தயத்துக்கான கார்டு ஒன்றும் அச்சாகவில்லை. கலைத்துப் போடுவதால் அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் அது நாமே அளந்து வைத்த அதிர்ஷ்டம்: 60 கார்டில் நான்கு பிரதி வைத்தால் முதலில் எடுக்கும் ஏழில் அது இருக்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. பிள்ளை இந்த எண்ணோடு பழகுகிறான். எத்தனை வைத்தால் எத்தனை முறை வரும் என்று விரல்விட்டு எண்ணிப் பழகியவன், 'அடுத்த பாக்கெட்டில் நிச்சயம் வரும்' என்ற பேச்சை நம்பப் போவதில்லை.

அன்று டப்பாவை ஓரம் வைத்துவிட்டு, என்னிடம் இருந்த மேஜிக் கார்டுகளிலிருந்து இரண்டு டெக் கட்டினேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டிலும் சாதாரணக் கார்டுகள் மட்டும், இரண்டும் ஏறக்குறைய சம பலம். பாயை விரித்தோம். அவன் பச்சையை எடுத்தான். ஆளுக்கு 20 உயிர், ஏழு கார்டு.

முதல் சுற்றில் அவன் மானா தரும் காடு கார்டு ஒன்றை வைத்து 'லானவார் எல்வ்ஸ்' இறக்கினான். பலம் ஒன்று, உயிர் ஒன்று. ஆனால் சுற்றுக்கு ஒரு மானா கூடுதலாகத் தரும். என் கையில் 'லைட்னிங் போல்ட்'. ஒரே மானாவுக்கு மூன்று அடி. ஆளையும் அடிக்கலாம், மிருகத்தையும் அடிக்கலாம். 1993 முதல் அச்சில் வந்ததென்றால் இந்தக் கார்டு பல நூறு டாலர்; பிற்கால அச்சு ஒரு டாலர் அளவில் கிடைக்கும். வேலையும் ஒன்றே, மூன்று அடியும் ஒன்றே. என்னிடம் இருந்தது ஓரம் நைந்த பிற்கால அச்சு.

இத்தனூண்டு எல்ஃபுக்குப் போய் இதைச் செலவழிப்பதா? விட்டால் அடுத்த சுற்றில் அவனுக்கு மூன்று மானா, எனக்கு இரண்டு. கொன்றால் பின்னால் பெரிதாக ஒன்று வரும்போது கை வெறுங்கை. நான் யோசிப்பதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். எல்ஃபைச் சுட்டேன். ஆட்டம் இழுத்துக்கொண்டு போய், அவனுக்கு மூன்று உயிர் மிச்சம் இருந்தபோது எனக்குக் கார்டு வறண்டது. அடுத்த சுற்றில் அவனுடைய மிருகங்கள் என்னை முடித்தன. அவன் குதிக்கவில்லை. என் பக்கம் ஒதுங்கிக் கிடந்த கார்டுகளைக் கிளறி அந்த போல்ட்டை எடுத்துக் காட்டி, "மாமா, இது இப்ப கையில இருந்திருந்தா நான் அவுட்ல?" என்றான்.

இரண்டு வருடம் தங்கக் கார்டு எண்ணிய பிள்ளை, ஒன்றரை மணி நேரத்தில் கேட்ட கேள்வி அது. பேப்பரை மடித்துவிட்டு அத்தானும் எட்டிப் பார்த்தார்.

சேர்ப்பதில் உள்ள குறுகுறுப்பை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் என்ன மிச்சம் என்று நண்பன் கேட்பான். இதற்குப் பதிலாக ஒரு விளையாட்டையே காட்டலாம். அதே கார்ஃபீல்டு 1996இல் செய்த 'நெட்ரன்னர்', வழக்கம்போல் பாக்கெட் விற்பனையில் ஓடி, நின்றுபோனது. 2012இல் வேறொரு நிறுவனம் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது உள்ளே என்ன கார்டு, எத்தனை பிரதி என்பது வெளியிலேயே தெரியும்படி விற்றார்கள். குருட்டு வாங்கல் இல்லை. ஆறு வருடம் கழித்து அந்த நிறுவனமும் நிறுத்திக்கொண்டது. ஆடியவர்கள் விடவில்லை. இன்று ரசிகர்களின் அமைப்பு ஒன்று புதுக் கார்டுகளை வடிவமைக்கிறது. இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கி அச்சடித்து ஆடவும் தருகிறது. ரேர் இல்லை, மறுவிற்பனை ஆசை இல்லை, ஆட்டம் மட்டும் இருக்கிறது. அது போதும் என்று ஆடுகிறார்கள்.

பாக்கெட்டுக்கு ஒரு நேர்மையான இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் என்ற முறை. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு மூன்று பாக்கெட். ஒன்றைப் பிரித்து, ஒரே ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். கிடைத்ததை வைத்து 40 கார்டில் டெக். அங்கே எல்லோரும் கொடுக்கும் காசு சமம், பிரிப்பதே ஆட்டத்தின் பகுதி. ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிய ஆட்டம் ஓரளவு கைவந்திருக்க வேண்டும். முதல் நாளுக்கு உரியதல்ல.

முதல் நாளுக்கு உரியது சம பலமுள்ள இரண்டு டெக். இதை அந்த நிறுவனங்களே விற்கின்றன, நம் கண் பாக்கெட் தொங்கும் கம்பியிலேயே நிற்பதால் தெரிவதில்லை. போக்கிமானில் 'பேட்டில் அகாடமி' பெட்டிக்குள் மூன்று முழு டெக்குகள். மேஜிக்கில் 'ஸ்டார்ட்டர் கிட்' என்றால் இரண்டு டெக். உலக சாம்பியன்ஷிப் போட்டி முடிந்ததும் அதில் சிறந்து விளங்கியவர்களின் 60 கார்டு டெக்கை அப்படியே போக்கிமான் நிறுவனம் அச்சிட்டு, மூன்று நான்கு பாக்கெட் விலைக்கு விற்கிறது. கார்டின் முதுகு வேறாக இருக்கும், போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டுப் பாயில் யார் முதுகைப் பார்க்கப் போகிறார்கள்? உலக அளவில் ஆடியவரின் டெக்கை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை கையில் பிடிக்க வழி இருக்கும்போது "வசதியுள்ளவனுக்குத்தான்" என்ற பேச்சு நிற்காது. பெரிய போட்டிகளுக்குப் போக ஆசைப்பட்டால் செலவு உண்டு, நிறையவே உண்டு. அதற்கும் கிழித்துத் தேடுவதைவிட வேண்டிய கார்டைத் தனியாக விலை கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

அந்த இரண்டு டெக்கையும் மாற்றாமல் இருபது முப்பது தடவையாவது ஆட வேண்டும். பாதியில் கை மாற்றிக்கொள்ளுங்கள், அவன் சிவப்பு, நீங்கள் பச்சை. கார்டில் உள்ள ஆங்கிலம் பிள்ளைக்குத் தடையாகும் என்று நானும் நினைத்தேன். அக்கா மகன் ஒவ்வொரு கார்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து, "செய்யலாம்னு போட்டிருக்கா, செய்யணும்னு போட்டிருக்கா?" என்று சண்டை போடுகிறான். பாடப்புத்தகத்தை அவன் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

இந்த ஆட்டத்தில் உண்மையான டெக் கட்டுதல் அதற்குப் பிறகுதான் வருகிறது, ஒரு கார்டு ஒரு கார்டாக. ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அவன் பச்சை டெக்கிலிருந்த ஏழு மானா மிருகத்தை உருவி வெளியே வைத்தான். நாலு ஆட்டமாக அது கையிலேயே மாட்டிக்கொண்டதாம். அதன் இடத்தில் 'ஜெயண்ட் குரோத்' வேண்டும் என்றான். ஒரு மானாவுக்கு அந்தச் சுற்று முடியும்வரை மிருகத்தை மூன்று பலம், மூன்று உயிர் பெரிதாக்கும் சாதாரணக் கார்டு. என்னிடம் இருந்தவை எங்கேயோ தொலைந்துவிட்டன. அடுத்த மாதம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவன் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கார்டு அளவுக்கு வெட்டி, பால்பாயிண்ட் பேனாவால் பெயரையும் வேலையையும் எழுதி, கீழே ஒரு பெரிய கரடியும் வரைந்து, பழைய கார்டு ஒன்றின் முன்னால் வைத்து உறைக்குள் செருகினான். மூன்றாவது ஆட்டத்தில் நான் தடுத்து நிறுத்திவிட்டதாக நினைத்த எல்ஃப், அந்தக் கோடு போட்ட தாளால் நாலு பலமாகி என் காவல்காரனைக் கொன்றது. தங்கக் கார்டு டப்பா அலமாரி மேலேயே இருந்தது.